பாண்டாஸில் இண்டெக்ஸை வரிசைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் நிரல்மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் இண்டெக்ஸை, அதாவது அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் உரிய பெயர்களை, வரிசைப்படுத்துவது ஒரே வரியில் முடிகிற வேலைதான் என்றாலும், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான அட்டவணையைக் கையில் கொடுத்துவிடும் இடங்கள் அதில் பல உள்ளன.

அவற்றுள் மிக மோசமானது, இண்டெக்ஸை மட்டும் தனியே எடுத்து, சார்ட்_வேல்யூஸ் (sort_values) மூலம் வரிசைப்படுத்தி, அதையே டேட்டாஃபிரேமின் (பாண்டாஸ் அட்டவணையின்) இண்டெக்ஸாக மீண்டும் பொருத்துவதாகும். மிளகு 40, சீரகம் 25, கடுகு 31 என்றிருந்த இருப்புப் பட்டியல் இப்படிச் செய்ததும் கடுகு 40, சீரகம் 25, மிளகு 31 என்று மாறிவிடும். பெயர்கள் மட்டும் இடம் மாறுகின்றன, எண்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. சீரகம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுவதால், அந்த ஒரு வரியை மட்டும் சரிபார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. பெயரும் எண்ணும் சேர்ந்தே நகர வேண்டுமானால் டேட்டாஃபிரேமின் மீதே சார்ட்_இண்டெக்ஸை (sort_index) அழைக்க வேண்டும்.

சார்ட்_இண்டெக்ஸ் புதிய அட்டவணை ஒன்றைத்தான் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பழையது பழையபடியே இருக்கும். பழைய அட்டவணையையே மாற்றச் சொல்லும் இன்பிளேஸ் (inplace) என்பதை ட்ரூ (True) என்று கொடுத்துவிட்டு விடையையும் அதே மாறியில் வாங்கினாலோ, அட்டவணை போய் ‘எதுவுமில்லை’ எனும் None மட்டுமே மிஞ்சும்.

எண்கள் எழுத்துச் சரங்களாக இருந்தால் 1, 10, 2 என்றே வரிசை அமையும். நாள் முதலில் வரும் தேதிகளுக்கும் இதே கதிதான்: 01-03-2024 என்பது 02-12-2023க்கு முன்னால் வந்து நிற்கும். பாண்டாஸின் 1.1 பதிப்பில் வந்த கீ (key) அளபுருவில், ஒப்பிடும் முன் மதிப்புகளை மாற்றித் தரும் ஒரு சார்பைக் கொடுத்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் பைத்தானின் சார்ட்டட் (sorted) போல அது மதிப்புகளை ஒவ்வொன்றாக அந்தச் சார்புக்கு அனுப்பாமல் முழு இண்டெக்ஸையும் ஒருசேர அனுப்புகிறது என்பதை மறந்தால் சிக்கல்தான். என்னைக் கேட்டால், தரவைப் படித்தவுடனேயே உரிய வகைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

தமிழ்ப் பெயர்கள் இண்டெக்ஸாக இருக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பாண்டாஸ் பின்பற்றுவது யூனிகோடு எண் வரிசையை. அதில் ழகரம் வகரத்துக்கு முந்தியது. ஆகவே அகரவரிசைப்படி பவானிக்குப் பின்னால் வர வேண்டிய பழனி, முன்னால் வந்துவிடும். இதற்கு நமக்கான எழுத்து வரிசையைக் கீ அளபுருவில் நாமே தந்தாக வேண்டும்.

ஒரே இண்டெக்ஸ் மதிப்பு பலமுறை வரும் அட்டவணையில், இயல்பான குவிக்சார்ட் முறை அவற்றின் முந்தைய வரிசையைக் காக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த வரிசை முக்கியமென்றால் கைண்ட் (kind) அளபுருவில் ஸ்டேபிள் (stable) என்று குறிப்பிட வேண்டும்.