மதுரையில் போர்டு கேம் ஆண்டுச் சந்திப்புக்குத் தேதி குறிப்பது எப்படி?

மதுரையில் ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு நாள் போர்டு கேம் (மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பலகை விளையாட்டு) சந்திப்பு நடத்த விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேசைகள், கட்டணம், சாப்பாடு ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேதி சரியாக அமைந்துவிட்டால் அவற்றில் பாதி எளிதாகிவிடும். சனி, ஞாயிறில் நடத்துவது என்பதில் ஐயமில்லை. எந்தச் சனி, ஞாயிறு என்பதே கேள்வி.

படி 1: ஆகாத நாள்களை முதலில் அடித்துவிடுங்கள்

இதற்குச் சிவகாசியில் அச்சான மாதக் காலண்டரும் ஒரு சிவப்புப் பேனாவும் போதும். செல்பேசிக் காலண்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் தீபாவளி இருக்கும், ஆனால் முகூர்த்த நாளும் தமிழ் மாதமும் பெரும்பாலும் இருக்காது.

தை முதல் மூன்று நாள்கள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு உரியவை. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் வைகையில் இறங்குவது என நகரமே திருவிழாவில் இருக்கும். தங்கும் விடுதியும் கிடைக்காது, வெயிலும் தாங்காது. மார்ச், ஏப்ரலில் பள்ளிப் பொதுத்தேர்வுகளும், நவம்பர், டிசம்பரில் கல்லூரிப் பருவத் தேர்வுகளும் இருக்கும். அக்டோபர், நவம்பர் மழை விளையாட்டுகளின் அட்டைப் பெட்டிகளுக்கு ஆகாது. பத்து விளையாட்டுகளை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வருபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

படி 2: மஹால்கள் காலியாக இருக்கும் மாதத்தைப் பாருங்கள்

நமக்கு வேண்டிய பெரிய கூடம், மேசை, நாற்காலி, சமையற்கூடம் அனைத்தும் திருமண மஹாலில் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் நடப்பதில்லை என்பதால் அவை காலியாக இருக்கும். வாடகையையும் பேசிக் குறைக்கலாம். மார்கழியில் அரையாண்டு விடுமுறை வருவது கவர்ச்சியானதுதான். ஆனால் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மீனாட்சியம்மனைத் தரிசிக்க வருவதால், கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகள் நிரம்பிவிடும். வெளியூர் ஆட்டக்காரர்களை நம்பி நடத்தும் சந்திப்புக்கு ஆடியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ரம்ஜான் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னே நகர்ந்தாலும், வரும் பத்தாண்டுகளுக்குள் அது ஆடியைத் தொடாது.

படி 3: எந்தக் காலண்டரிலும் இல்லாத திருவிழாக்களைக் கேட்டறியுங்கள்

புதிதாக நடத்துபவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆடியில் மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் பொங்கல் வைத்து, முளைப்பாரி எடுப்பார்கள். ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்வதால் அந்த நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாகாது. காப்புக் கட்டிய பிறகுதான் வெளியூரில் இருப்பவருக்குத் தெரியவரும். அதற்குள் உங்கள் அறிவிப்பு வெளியாகியிருந்தால், விளையாட்டுகளைக் கொண்டுவரும் நண்பர் உங்களுக்கும் சொந்த ஊருக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரிடும். அவர் ஊருக்குத்தான் போவார், போகவும் வேண்டும்.

ஆகவே, யார் வராவிட்டால் சந்திப்பே நடக்காதோ அவர்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள்: பெரிய விளையாட்டுச் சேகரிப்பு வைத்திருப்பவர்கள், புதியவர்களுக்கு விதிகளைப் பொறுமையாகச் சொல்லித் தருபவர்கள், பதிவு மேசையைக் கவனிப்பவர்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் ஊரில் சாமி கும்பிடு எப்போது?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். "ஆடி மூன்றாம் செவ்வாய்" என்பது போன்ற வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கிடைத்த விடைகளை, வரிசைக்கு ஒருவர், பத்திக்கு ஒரு வாரம் என கூகுள் ஷீட்டில் குறித்துவிட்டால் எந்த வாரம் காலி என்பது தெளிவாகத் தெரியும்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பை மட்டும் நம்ப வேண்டாம். பார்வையாளராக வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவரின் வாக்கும், ஐம்பது விளையாட்டுகளோடு வருபவரின் வாக்கும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மாசியில் நடத்தலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் படி பொருந்தும்: மகா சிவராத்திரியன்று உசிலம்பட்டி, தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டுவிடும்.

படி 4: தேதியாக அல்லாமல் விதியாக முடிவு செய்யுங்கள்

ஆண்டுதோறும் நடத்துவதென்றால் அடுத்த ஆண்டுக்கும் பொருந்தும் விதி வேண்டும். நான் சொல்வது: ஆடி மாதத்தின் இரண்டாவது சனியும் அதற்கு அடுத்த ஞாயிறும். ஆடி ஏறத்தாழ ஜூலை 17-இல் பிறப்பதால் இது ஜூலை கடைசி வாரத்தை ஒட்டியே வரும். ஆடிப்பெருக்குக்கும் ஆகஸ்ட் 15-க்கும் முன்பே முடிந்துவிடும். சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை வந்தால் மனம் அங்கே போகும். ஆனால் அந்த வாரத்துக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது மிகக் கடினம். ஆடி அமாவாசை அந்தச் சனி, ஞாயிறில் விழுந்தால் மட்டும் ஒரு வாரம் முன்னே கொண்டுவாருங்கள். அன்று ராமேஸ்வரம் செல்லும் கூட்டத்தால் மதுரை ரயில்களில் ஏற முடியாது.

அமெரிக்காவின் ஜென் கான் என்னும் பெரிய போர்டு கேம் மாநாடும் பெரும்பாலும் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோதான் நடக்கிறது. அது நம் வருகையைப் பாதிக்காது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் நடக்கும் போர்டு கேம் கண்காட்சி அக்டோபரில் நடப்பதால், அங்கே வெளியான விளையாட்டுகள் நம் நண்பர்கள் கைக்கு வந்து பழக ஆடிக்குள் போதிய அவகாசம் இருக்கும்.

படி 5: அறிவிக்கும் நாளையும் குறியுங்கள்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைந்துவிட்டது. ஆடி இரண்டாம் வாரத்துக்கான பதிவு மே இறுதியில் திறக்கும். சென்னைக்காரர்கள் பாண்டியனிலும் வைகையிலும், பெங்களூர்க்காரர்கள் வந்தே பாரத்திலும் இடம்பிடிக்க வேண்டுமானால் சித்திரை முடிவதற்குள் அறிவித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

தேனி, திண்டுக்கல் நண்பர்கள் ஞாயிறு மாலை ஆரப்பாளையத்தில் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதால், கடைசி ஆட்டத்தை ஐந்து மணிக்குள் முடிக்குமாறு நிரலை அமையுங்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கலாமா என்று சிலர் வீட்டில் கேட்பதாகவும் அறிந்தேன். அது மதிக்க வேண்டிய கேள்விதான். முதல் ஆண்டு நடத்துபவர்கள் ஆனி மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து மஹாலுக்கு முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டு, அன்று மாலையே யாராவது ஒருவர் வீட்டில் நான்கு பேராக உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிவிடுங்கள். ஆடியில் நடப்பது அதன் தொடர்ச்சியாக இருக்கும்.