ஆய்வை வலையில் வைக்க எந்தத் தளம்? குமரி மாவட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு செய்முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவரிடம் கட்டுரைகளின் பிடிஎஃப், கள ஆய்வுப் படங்கள், ஒலிப்பதிவுகள் என்று மூன்று வகைச் சரக்கு இருக்கும். தளம் தொடங்கியதும் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடத் தோன்றும். வேண்டாம். பொருளை வைக்க ஒரு கிட்டங்கி, வாசகர் வந்து பார்க்க ஒரு முகப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு முகப்பு எந்தத் தளத்தில் இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: சரக்கை எடை போடுங்கள்

சுடலைமாடன் கோயில் கொடையில் ஆறு மணி நேரம் வில்லுப்பாட்டு பதிந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிடி தரத்து வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும். ஆறு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் சேர்த்தி என்பதால், நாலு கொடையில் இடம் தீர்ந்துவிடும். நிரல் கோப்புகளை வைக்கும் தளமான கிட்ஹப்போ 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வாங்கவே வாங்காது.

படி 2: கிட்டங்கி

இதற்கு ஸெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியம் போதும். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்துகிறது, கட்டணம் இல்லை. ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள் வரை ஏற்றலாம். முதலில் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் ஒன்று வாங்கி, அதைக்கொண்டே உள்நுழையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ என்ற தனி அடையாள எண் கிடைக்கும். மேற்கோள் காட்டுவோருக்கு அந்த எண்தான் நிலையான முகவரி.

வெளியிட்ட பிறகு கோப்பை நினைத்தபடி மாற்ற முடியாது, புதிய பதிப்பாகத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே பாடிய புலவரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர் குரலும் வருமானமும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. இதழில் வந்த கட்டுரை என்றால், பதிப்பாளர் வடிவமைத்த பிடிஎஃப்பை ஏற்ற அனுமதி உண்டா என்று இதழின் விதியைப் பாருங்கள். பல இதழ்கள் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை மட்டுமே அனுமதிக்கின்றன.

படி 3: எழுத்துருவைச் சோதியுங்கள்

தமிழ் ஆய்வுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கட்டுரை தேடுபொறிக்குத் தமிழே அல்ல. யார் தேடினாலும் அகப்படாது. மூலக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் சரியாக வந்திருக்கின்றனவா என்று வரிவரியாகப் படித்த பிறகே மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள்.

படி 4: முகப்பைத் தேர்ந்தெடுங்கள்

நிரல் பழக்கம் இல்லாதவருக்குக் கூகுளின் தளம் கட்டும் கருவியான கூகுள் சைட்ஸ். ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்து கணக்கை மூடினால் தளமும் கூடவே போய்விடும். சொந்தக் கணக்கிலேயே தொடங்கி, பக்கத்துக்குப் பெயர் வைத்து, ‘என்னைப் பற்றி’, ‘கட்டுரைகள்’, ‘களப்பதிவுகள்’ என மூன்று பக்கம் சேர்த்து, ‘பப்ளிஷ்’ அழுத்துங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நாலு வரிச் சுருக்கமும் டிஓஐ இணைப்பும் போதும்.

கொஞ்சம் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் கிட்ஹப்பில் வைத்த கோப்புகளை இணையதளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ் மேல். பிடிஎஃப் அதே தளத்தில், பிடிஎஃப் என்றே முடியும் முகவரியோடு இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் கேட்பதும் அதைத்தான். கோப்பு 5 எம்பியைத் தாண்டக்கூடாது. முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்திலும் அதன் கீழே ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டும். கோப்புப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் வைத்தால் இணைப்பைப் பகிரும்போது நீளமான சதவீதக் குறிகளாக மாறும். பேரெழுத்து கலந்தால் ஓர் எழுத்துப் பிசகினாலும் பக்கம் திறக்காது.

வேர்ட்பிரஸ் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும். ஆய்வுப் பக்கத்துக்கு அது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

படி 5: வெளியாளாக வந்து பாருங்கள்

உங்கள் உலாவியில் எல்லாம் திறக்கும், ஏனென்றால் உரிமையாளர் நீங்கள். மறைநிலைச் சாளரத்தில் ஒவ்வோர் இணைப்பையும் தட்டுங்கள். கூகுள் டிரைவில் வைத்த கோப்பு ஏதாவது ‘அனுமதி கேளுங்கள்’ என்று நின்றால், அதன் பகிர்வை ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றுங்கள். பிறகு வேறொருவர் கைபேசியில், வைஃபை இல்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள்.