நீளமான ஜாபுக்கு எந்த மில்லிங் மெஷின் சரிப்படும்?

நீள ஜாபுக்கு, அதாவது சீவ வேண்டிய நீளமான உலோகத் துண்டுக்கு, மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "டேபிள் எவ்வளவு நீளம்?" என்றுதான். அதற்குப் பதில், எக்ஸ் அச்சின் (நீளவாக்கில் நகரும் அச்சின்) ஓட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். டேபிள் நீளம் ஜாபை வைப்பதற்கு. கட்டர் எதுவரை எட்டும் என்பதை ஓட்டம்தான் முடிவு செய்யும்.

படி 1: தேவையான ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

ஜாபின் நீளத்தோடு கட்டரின் விட்டத்தையும் கூட்டுங்கள். 2000 மி.மீ. ஜாபின் மேல்முகத்தை 80 மி.மீ. ஃபேஸ் கட்டரால் முழுதாகச் சீவ, கட்டர் ஒரு முனைக்கு வெளியே தொடங்கி மறுமுனைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அதற்கே 2080 மி.மீ. ஆகிவிடும். இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு 2100-க்கு மேல் பாருங்கள்.

படி 2: எடை

100 மி.மீ. சதுரம், 2 மீட்டர் நீள எஃகுக் கட்டை ஏறத்தாழ 157 கிலோ. ஜாபை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கிளாம்ப் எடையையும் சேர்த்து, டேபிள் தாங்கும் எடையோடு ஒப்பிடுங்கள்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். நீ டைப் (knee type, டேபிள் ஏறி இறங்கும் வகை) மெஷினில் டேபிள், அதைத் தாங்கும் சாடிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓடும். ஓட்டத்தின் கடைசிக்கு வரும்போது நீட்டிய பக்கம் எடையால் லேசாகத் தாழும்; நேராக வரவேண்டிய முகம் மெல்ல வளைந்துவிடும். குட்டையான ஜாபில் இது கண்ணில் படாது, நீளமான ஜாபில் தப்பாது.

பெட் டைப்பில் டேபிள் ஏறி இறங்காது, அடியில் கனமான பெட் தாங்கும். அதனால் எடை நன்றாகத் தாங்கும். ஆனால் டேபிள் இரு பக்கமும் ஓட, ஓட்டத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீள இடம் வேண்டும். இடம் குறைவு என்றால் டிராவலிங் காலம் (travelling column, நகரும் தூண்) வகையைப் பாருங்கள். ஜாப் அசையாமல் கிடக்கும், கட்டரைத் தாங்கும் தூண்தான் நகரும். நீளமான, ஒல்லியான ஜாபுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஜாப் அகலமும் எடையும் மிகுந்தது என்றால் இரண்டு தூண் உள்ள கேன்ட்ரி வகைக்குப் போய்விடுங்கள்.

படி 4: சூட்டையும் கணக்கில் எடுங்கள்

எஃகு, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும், அலுமினியம் 23. 2 மீட்டர் அலுமினியம் 5 டிகிரி ஏறினாலே 0.23 மி.மீ. கூடிவிடும்! கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) தாராளமாக ஓடும் மெஷின் வேண்டும். ஓடஓட, அச்சை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவும் சூடாகி நீளும். அதனால் நீள அளவு துல்லியமாக வேண்டும் என்றால் நகர்ந்த தூரத்தை நேரடியாக அளக்கும் லீனியர் ஸ்கேல் உள்ளதைக் கேளுங்கள்.

படி 5: வாங்கும் முன் சோதனை

கட்டர் மாட்டும் ஸ்பிண்டிலில், நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் மாட்டி, காலி டேபிளை முனைக்கு முனை ஓட்டி, முள் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ஜாபின் எடையை ஏற்றி, அதே தடத்தில் மறுபடி ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எடைக்கு மெஷின் வளைந்து கொடுக்கும் அளவு. முடிந்தால் முழு நீளத்தில் ஒரு சோதனை ஜாப் போட்டு, கிளாம்பைத் தளர்த்திய பிறகு அதன் நேர்த்தன்மையைப் பாருங்கள். இறுக்கிப் பிடித்திருக்கும்வரை வளைந்த கட்டைகூட நேராகத்தான் காட்டும்.