திருட்டு அலாரம் சும்மா சும்மா அலறுதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, வீடு பூட்டிக் கிடப்பதும் வயதானவர்கள் மட்டும் இருப்பதும் திருநெல்வேலிப் பக்கம் இப்போது சகஜம். அதனால்தான் அலாரம் மாட்டுகிறோம். அது நடுராத்திரி காரணமில்லாமல் அலறினால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி முதல் இரண்டு தடவை டார்ச்சோடு ஓடி வருவார். அடுத்த தடவை, "அந்த வீட்டு அலாரம் சும்மா கத்தும்லா" என்று புரண்டு படுத்துவிடுவார். நிஜமாகவே திருடன் வருகிற ராத்திரியிலும் அப்படித்தான் படுத்திருப்பார். ஆகவே தொந்தரவு என்று அணைத்து வைக்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் நீங்களே சரிசெய்யலாம்.

முதலில்: எந்த ஜோன், எந்த நேரம்

எதையும் கழற்றுவதற்கு முன் கீபேடிலோ ஆப்பிலோ உள்ள நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். எந்த ஜோன் (ஒரு சென்சாரோ, சில சென்சார்கள் சேர்ந்தோ காக்கும் பகுதி) அடித்தது, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அன்றைக்குக் காற்று அடித்ததா, கரண்டு போய் வந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் நாலரைக்கு ஒரே ஜோன் அடித்தால் மேற்கு ஜன்னல் வெயிலைச் சந்தேகப்படலாம். கரண்டு வரும் நேரத்தில் அடித்தால் பேட்டரி அல்லது வயரிங். ராத்திரி விளக்கு எரியும் இடத்தில் மட்டும் அடித்தால் பல்லி. இந்தக் குறிப்பு இல்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது வீண் அலைச்சல்.

வேலையைத் தொடங்கும்போது அலாரத்தைச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். பேனல், அதாவது சென்சார்களெல்லாம் வந்து சேரும் மையப் பெட்டியின் மூடியைத் திறந்தாலே உள்ளே இருக்கும் டேம்பர் ஸ்விட்ச் சைரனை அடித்துவிடும். தானாகப் போன் போகிற வசதி இருந்தால் அந்த எண்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கதவு சென்சார்

இதில் நிலைச்சட்டத்தில் காந்தத்தால் இயங்கும் ஒரு ரீட் ஸ்விட்ச், கதவில் ஒரு காந்தம், அவ்வளவுதான். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் கதவு திறந்ததாகப் பேனல் எடுத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வருகிற காற்று பூட்டிய கதவையும் ஆட்டிப் பார்க்கும். பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பழைய இரட்டைக் கதவில் தாழ்ப்பாள் லேசாகத் தளர்ந்திருந்தாலே போதும்.

கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். கீபேடில் அந்த ஜோன் விளக்கு மினுக்கினால் காரணம் கிடைத்துவிட்டது. முதலில் தாழ்ப்பாளை இறுக்குங்கள். பிறகு காந்தத்தை ஸ்விட்சுக்கு நெருக்கி மாட்டுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதி, கதவு சரியாக உட்காராமல் போவதும் உண்டு. அதற்குத் தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வதுதான் வழி. இரும்புக் கதவாக இருந்தால் இரும்பே காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்து மாட்டுங்கள், அல்லது இரும்புக் கதவுக்கென்றே விற்கும் சென்சாரை வாங்குங்கள்.

நடமாட்ட சென்சார்: அதிகத் தொல்லை இங்கேதான்

பட்டாசல் (கூடம்) மூலையில் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சாரின் முகப்பில் வெள்ளையாக வளைந்திருப்பது வெறும் மூடி இல்லை, அது ஃப்ரெனல் லென்ஸ். அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும். உடற்சூடு ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது உள்ளே இருக்கும் உணரி அந்த அகச்சிவப்பு மாற்றத்தைப் பிடித்துவிடும். இப்போது ஒரு பல்லி அந்த லென்ஸ் மேலேயே ஏறுகிறது என்று வையுங்கள். அத்தனை சின்ன உடம்பு பல பட்டைகளை ஒரே நேரத்தில் மறைக்கும். உணரிக்கு அது பெரிய நடமாட்டம்.

பல்லி பூச்சிக்கு வருகிறது, பூச்சி டியூப்லைட்டுக்கு வருகிறது. எனவே சென்சார் டியூப்லைட்டை ஒட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். லென்ஸைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பூச்சி மருந்தை அதன்மேல் அடிக்காதீர்கள், படலம் படிந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள்: வயர் நுழையும் ஓட்டை வழியாக எறும்பு புகுந்து முட்டை வைத்திருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும். சுத்தம் செய்துவிட்டு அந்த ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள்.

சென்சார் ஏழெட்டு அடி உயரத்தில், ஜன்னலைப் பார்க்காமல் அறையின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முற்றம் வைத்த பழைய வீடுகளில் பலர் அதை முற்றத்தைப் பார்த்து மாட்டிவிடுகிறார்கள். பூனையும் புறாவும் இறங்குகிற இடம், வெயிலும் நேரே விழும். வீட்டுக்குள் மாட்டும் சென்சாருக்கு அந்த இடம் ஆகாது.

பல மாடல்களில் உள்ளே பல்ஸ் எண்ணிக்கை ஜம்பர் இருக்கும், அதாவது எத்தனை தடவை அசைவு தெரிந்தால் அலாரம் அடிக்க வேண்டும் என்று மாற்றி வைக்கும் சின்ன இணைப்பு. ஒன்றில் இருந்தால் இரண்டுக்கு மாற்றலாம். ஆனால் உணர்திறனை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அறைச் சூடு 37 டிகிரியை நெருங்கும்போது மனித உடம்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்சார் ஏற்கெனவே மந்தமாகத்தான் இருக்கும்.

பேட்டரியும் வயரும்

பேனலுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி. 3 முதல் 5 வருஷம் உழைக்கும். பேனலுக்கு வரும் மெயின் கரண்டை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, மல்டிமீட்டரில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே வேகமாக இறங்கினால் புதிது வாங்குங்கள். வயர்லெஸ் சென்சார்களில் உள்ள சின்ன பேட்டரிகளும் தீர்ந்திருந்தால் மாற்றுங்கள்.

வயரை முறுக்கி டேப் சுற்றிய இடங்கள் இருந்தால் பிரித்துப் பாருங்கள். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்தில் செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறியிருக்கும். வெட்டிவிட்டு சால்டர் வைத்து இணையுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா

ஒரே மாடல் வயர் சென்சார்கள் இரண்டு இருந்தால், பேனலின் மெயினையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு அவற்றை இடம் மாற்றி மாட்டுங்கள். உள்ளே ரெசிஸ்டர் (சின்ன மின்தடை) இருந்தால் அது பழைய வயரோடுதான் இருக்க வேண்டும். பொய் அலாரம் சென்சாரோடு கூடவே போனால் சென்சார் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் இடமோ வயரோ காரணம். காரணம் தெரிந்த பிறகு, அதைச் சரிசெய்யும் வரை அந்த ஒரு ஜோனை மட்டும் பைபாஸில் போட்டு (தற்காலிகமாக விலக்கி வைத்து), மற்றதெல்லாம் ஓடட்டும். சரியானதும் பைபாஸை எடுத்துவிட்டு, நடைச் சோதனை நிலையில் ஒவ்வோர் அறையிலும் நடந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து, எல்லா ஜோனும் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.