வில் வழுக்கியதற்குக் காரணம் கை அன்று: என் அனுபவம்

தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வயலின் கற்பித்தபோது, ஒரு சிறுமியின் வில் நுனியை நெருங்கும்போதெல்லாம் இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தும் விரல்பலகையின் மேல் சரிந்து ஒலி காற்றாகத் தேய்ந்துவிட்டதால், பல வாரங்கள் அவளுடைய மணிக்கட்டையே திருத்திக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது. ஒருநாள் பக்கவாட்டில் நின்று கவனித்தபோதுதான், வில்லின் கடைசிக் கால்பகுதியை எட்டுவதற்காக அவள் தோளைப் பின்னுக்கு இழுப்பது தெரிந்தது. இடக்கையை நேராக நீட்டச் சொல்லி, அவள் வாசித்துவந்த 3/4 அளவு வயலினைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டருகே நிற்கவேண்டிய தலைச்சுருள், அதாவது வயலினின் சுருண்ட நுனி, விரல்நுனிவரை சென்றது. கருவி அவளுக்குப் பெரிது.

அதைவிடச் சிறிய 1/2 அளவு வயலினையும் அதற்குரிய குட்டை வில்லையும் கொடுத்தேன். முழங்கை செங்கோணமாக மடங்கும் இடத்தில் வில்லின் குச்சியில் சிவப்பு நாடா ஒட்டி, இரண்டு வாரங்கள் அதைத் தாண்டாமல் ஏ தந்தியில் மட்டும் வாசிக்கவைத்தேன். பிறகு சிறிது சிறிதாக நுனிவரை நீட்டினோம். வில், தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு இணையாகச் சென்று, தந்தி முழுக்குரலில் ஒலித்தபோது அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பெரிய கருவியாக வாங்கினால் சில ஆண்டுகள் மாற்றவேண்டியதில்லை என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே; ஆனால் அந்தச் சுமையைத் தாங்குவது குழந்தையின் தோள். இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், வில்லை எடுக்குமுன் எல்லாக் குழந்தைகளின் கைகளையும் அளந்துவிடுகிறேன்.