பழைய காரின் முன்பக்கம் கடகடக்கிறதா?
மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் ஓடுகிற பழைய காருக்கு உப்புக்காற்றும் மணலும்தான் எமன். மூட்டுகளை மூடியிருக்கிற ரப்பர் உறை (பூட்) லேசாகக் கிழிந்தாலே மணல் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது 'டக்டக்' என்றால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் பெரும்பாலும் சிவி ஜாயின்ட் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற மூட்டு). பள்ளத்தில் மட்டும் 'கடக்' என்றால் லிங்க் ராடு (சஸ்பென்ஷனில் இருக்கிற சின்ன இணைப்புக் கம்பி) அல்லது லோயர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க்கையின் ரப்பர்) பாருங்கள்.

அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள், அதுவும் மணல் தரையில்), டயரை இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் முதல் சந்தேகம் டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியின் முனை). மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியை லோயர் ஆர்மோடு இணைக்கிற குண்டு மூட்டு) அல்லது வீல் பேரிங் (சக்கரம் சுழல்வதற்கான பேரிங்). ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள், ஆட்டம் நின்றால் பேரிங்தான். மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால், சரி என்று உடனே தலையாட்டாதீர்கள்.