மனித மேம்பாட்டுக் குறியீடு: தரவரிசையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு நாட்டுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் தருவது மனித மேம்பாட்டுக் குறியீடு. அதை வெளியிடும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021-22 அறிக்கையில் இந்தியா 132ஆவது இடம். 2023-24 அறிக்கையில் 134. உடனே ‘இரண்டு இடம் சறுக்கியது’ என்று எழுதிவிடுகிறார்கள். சறுக்கவில்லை. முதல் பட்டியலில் இருந்தவை 191 நாடுகள், அடுத்ததில் 193. பழைய தரவுகளும் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தின்படி 2021இல் இந்தியா இருந்த இடம் 135. அதாவது ஓரிடம் ஏறியிருக்கிறது.

மதிப்பெண்ணிலும் இதே பிழை நடக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கு 0.644 என்றது 2023-24 அறிக்கை. 2023ஆம் ஆண்டுக்கு 0.685 என்கிறது 2025 அறிக்கை. இரண்டையும் கழித்தால் ஒரே ஆண்டில் பெரும் பாய்ச்சல் போலத் தெரியும். ஆனால் 2025 அறிக்கை 2022க்கான மதிப்பையும் 0.676 என்று திருத்தித் தந்திருக்கிறது. உண்மையான உயர்வு 0.009 மட்டுமே. ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே அறிக்கையில் உள்ள காலவரிசை அட்டவணையையே எடுக்க வேண்டும். அட்டையில் உள்ள ஆண்டு வேறு, தரவின் ஆண்டு வேறு என்பதையும் கவனியுங்கள்.

குறியீட்டைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வருமானத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவின் 2023 எண்களையே எடுத்துக்கொள்வோம். ஆயுட்காலம் 72.0: அதிலிருந்து 20ஐக் கழித்து 65ஆல் வகுத்தால் 0.800. கல்விக்கு இரண்டு எண்கள். ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் என எதிர்பார்க்கப்படும் 13.0 ஆண்டுகளை 18ஆலும், 25 வயதைக் கடந்தவர்கள் படித்து முடித்த சராசரியான 6.9 ஆண்டுகளை 15ஆலும் வகுத்து, இரண்டுக்கும் சராசரி கண்டால் 0.591. தலா வருமானம் 9,047 டாலர். இதை நேரடியாக வகுக்கக் கூடாது. 100ஆல் வகுத்து மடக்கை (log) கண்டு, அதை 750இன் மடக்கையால் வகுக்க வேண்டும்: 0.681. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.685.

வருமானத்தின் இடத்தில் உள்நாட்டு உற்பத்தியை (ஜிடிபி) போடுவது ஒரு தவறு. வேண்டியது மொத்த தேசிய வருமானம், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும், வெளிநாட்டுக்குப் போகும் வருமானத்தையும் கணக்கில் சேர்த்தது. சந்தை மாற்று விகித டாலரைப் போடுவது அடுத்த தவறு; வேண்டியது வாங்கும் திறன் சமநிலை டாலர், அதாவது நாட்டுக்கு நாடு வேறுபடும் விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த டாலர். மடக்கை எதற்கு என்றால், 1,000 டாலர் 2,000 ஆவதும் 20,000 டாலர் 40,000 ஆவதும் குறியீட்டில் சம உயர்வாக வர வேண்டும் என்பதற்காக. ஏழைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஆயிரம் டாலர் அவர் வாழ்க்கையை எவ்வளவு மாற்றும் என்பதை நினைத்தால் இதன் நியாயம் புரியும். 75,000 டாலருக்கு மேல் போகும் வருமானத்துக்கு மதிப்பெண் கிடையாது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது 2010க்கு முந்தைய முறை. சில வழிகாட்டி நூல்களில் அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஒரே மதிப்பெண் என்றால் ஒரே நிலை என்று நினைக்கக் கூடாது. 2025 அறிக்கையில் இந்தியாவும் வங்கதேசமும் ஒரே 0.685, ஒரே 130ஆவது இடம். வங்கதேசத்தில் வருமானம் நம்மைவிடக் குறைவு, ஆயுள் 74.7. வருமானம் குறைந்த அண்டை நாட்டில் ஆயுள் ஏன் கூடுதல் என்பதுதான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி; இட எண் அதை மறைத்துவிடுகிறது. சராசரியும் அப்படித்தான், மக்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வைக் கழித்த குறியீட்டில் இந்தியா 30.7 விழுக்காட்டை இழந்து 0.475க்கு இறங்குகிறது. இந்த எண்ணைச் சொல்லாமல் 0.685ஐ மட்டும் சொல்வது பாதிச் செய்திதான்.

‘வாழ்க்கைத் தரம்’ என்ற பெயரில் வரும் மற்ற பட்டியல்களை இதோடு கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை பின்லாந்து முதலிடத்தில் இருந்தது. வருமானம், ஆயுள் முதலிய ஆறு காரணிகளைக் கூட்டித்தான் அந்த இடம் கிடைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. 0 முதல் 10 வரையிலான ஏணியில் தம் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று மக்கள் சொன்ன பதிலின் மூன்றாண்டுச் சராசரிதான் தரவரிசை. ஆறு காரணிகள் அதற்கான விளக்கத்துக்கு மட்டும். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியல் தரவரிசைப்படுத்துவது நகரங்களை, வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களுக்காக. நம்பியோ (Numbeo) என்ற இணையதளத்தின் பட்டியலோ அந்தத் தளத்துக்கு வருபவர்கள் தாமாக நிரப்பும் பதில்களில் இருந்து பிறப்பது. முறைப்படி தேர்ந்தெடுத்த மாதிரி இல்லாததால், அதை வைத்து ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பற்றி முடிவு சொல்ல முடியாது.